புறாத்தீவில் எடுத்த படம்

வயரின் ஒரு நுனி சுவரில் செருகியபடியே இருந்தது. மறு நுனி மேசை ஓரத்தில் தொங்கியது. அதில் மாட்டியிருந்த கமராவைத்தான் காணவில்லை.

ரோட்டோரத்தில் ஊற்றுநீர் விழும் பீலியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த சிவரூபிதான் முதலில் கண்டாள்.

"அண்ணா, கமராவை எடுத்தனீங்களா?"

"நான் எங்க எடுத்தது? உன்னோடதானே வாறன்," என்றான் இரகுநாதன்.

மேசைக்கடியில் பார்த்தார்கள். மூன்று முதுகுப் பைகளையும் கவிழ்த்துக் கொட்டினார்கள். நீச்சல் கண்ணாடிகள், மூச்சுக்குழாய்கள், உப்புப் பூத்த துவாய்கள், பொத்துவில் மணல் ஒரு கைப்பிடி, எல்லாம் விழுந்தன. கமரா விழவில்லை.

கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலை மலையை ஒட்டி நின்ற சின்ன வீடு அது. வீட்டுக்காரி ஜெயலெட்சுமி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அருவி பார்க்க வரும் முதுகுப் பைக்காரர்களுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் போட்டு, நல்ல பெயர் வாங்கி வைத்திருந்தாள். மகன் ரமேஸ் நிலாவெளியில் ஒரு பாய்மரப் படகில் வேலை செய்தான். பயணிகளைப் புறாத்தீவுக்குக் கூட்டிப்போய், முருகைக்கல் என்ற பவளப்பாறையும் மீனும் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது அவன் வேலை.

அந்தப் படகில்தான் இந்த மூவரும் ஏறினார்கள். இரகுநாதன் பதுளையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஊருக்கெல்லாம் தண்ணீர் அளந்து விடுகிற மனுசனுக்குக் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கத் தெரியாது என்பது தங்கை சிவரூபியின் தினசரிக் கேலி. அவள் பண்டாரவளையில் ஆசிரியை. மூன்றாமவன் அனுஷன், இரகுநாதனோடு ஒரே கந்தோரில் வேலை. இவர்களுடைய சொந்த ஊரான யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. பஸ்ஸிலேயே கிழக்குக் கரை முழுக்கச் சுற்றி, கடலாடி, திரும்பும் வழியில், லீவில் வந்த ரமேஸோடு கூடவே அவன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முந்தின நாள் பின்னேரம் ஓட்டோ வாசலில் கொண்டுவந்து இறக்கியது. இரவெல்லாம் மழை.

கமரா தொலைந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். அறையில் படுத்திருந்த அனுஷன். சமையலறையில் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்த ரமேஸ்.

"வெளியாள் ஒருத்தரும் வரேல்லை எண்டால், வேற யார் எடுத்திருப்பான்?" என்றான் அனுஷன். யாருடைய முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னான். ஆனாலும் எல்லாருடைய கண்ணும் ரமேஸ் பக்கம் போனது.

ரமேஸ் கையிலிருந்த பலாப்பாலைத் துடைக்க மறந்து நின்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கிய ஜெயலெட்சுமி சங்கதியைக் கேட்டதும் தலைத்துண்டை அவிழ்த்து மேசையில் போட்டாள்.

"எங்க வீட்டுல சாமான் காணாமப் போச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. பொலிசைக் கூப்பிடுங்க."

"அம்மா, வேணாம்," என்றான் ரமேஸ்.

"ஏன் வேணாம்? நீ எடுத்தியா?"

"இல்லம்மா."

"அப்ப கூப்பிடு."

ஜீப் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. இறங்கியவள் உப பரிசோதகர் ஜெயந்தினி. மடுல்சீமையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, காக்கி போட்டவள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். பொலிஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அறவே பிடிக்காத கேள்வி, "வேற யார் எடுத்திருப்பான்?" என்பது. அந்தக் கேள்வியோடு சேர்த்து ஏற்கெனவே ஒருத்தனைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள் என்பது அவள் அனுபவம்.

கூட வந்த கான்ஸ்டபிள் மிப்ரான் புத்தகத்தை விரித்தான். "சந்தேகத்துக்குரியவர் பெயர் என்னண்டு எழுதுறது மேடம்?"

"பேனைய மூடு. அவசரத்தப் பாரு."

மிப்ரான் பேனையை மூடினான்.

ரமேஸ் மட்டும் அந்தப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த கிழமை அவனுக்குக் கடல் வழிகாட்டி அனுமதி எடுக்க வேண்டும். படகுக்காரர் றுஷ்தி, "நீ அனுமதிய எடுத்துட்டு வா, ரெண்டாவது படகு ஒன்ட பொறுப்பு," என்று சொல்லியிருந்தார். அனுமதிக்குப் பொலிஸ் ரிப்போர்ட் வேண்டும். களவுக் கேஸில் பெயர் ஏறினால் ரிப்போர்ட்டும் இல்லை, படகும் இல்லை. மலையில் பிறந்தவனுக்குக் கடலில் ஒரு இடம் கிடைக்கிற நேரத்தில் இப்படி ஒரு சனியன் குறுக்கே வந்து நிற்கிறது.

ஜெயந்தினி முதலில் அண்ணனையும் தங்கையையும் உட்கார வைத்தாள்.

"விலையான கமராவா?"

"பெரிய விலை இல்லை. பழைய மொடல். தண்ணிக்குள்ள எடுக்கலாம். நெத்தியில பட்டியால கட்டிக்கொண்டு நீந்துறது," என்றான் இரகுநாதன். "ஆனா அதில இருந்த வீடியோப் படம் எனக்குப் பெரிசு."

"என்ன படம்?"

இரகுநாதன் தொண்டையைச் செருமினான். "புறாத்தீவில கயிறு கட்டின எல்லைக்கு அங்கால என்னை நீரோட்டம் இழுத்துப் போட்டுது, மேடம். தண்ணி குடிச்சிட்டன். அதுக்குப் பிறகு நினைவில்லை. கண் முழிக்கேக்க படகில, அனுஷன்ர மடியில கிடந்தன். அவன் இல்லாட்டி இண்டைக்கு நான் இல்லை. அந்த நேரம் கமரா என்ர நெத்தியிலதான் இருந்தது."

"அனுஷன் தூக்கினத நீங்க பார்த்தீங்களா?" என்று சிவரூபியைக் கேட்டாள்.

"நான் படகின்ர மற்றப் பக்கம் நிண்டனான். சத்தம் கேட்டு ஓடி வரேக்க, அனுஷன் ஏணியில நிண்டு அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். ரமேஸ் கீழ தண்ணிக்குள்ள நிண்டு தள்ளிவிட்டவர். படகுக்காரர் சுக்கானை விட்டு வரேலாது."

"படத்தைப் பாத்தீங்களா?"

"எங்க பாத்தது? அதோட சார்ஜ் முடிஞ்சுது. வயர் படகிலயே விட்டுப்போச்சு. இப்பத்தைய போன் வயர் ஒண்டும் அதுக்குச் சேராது. இண்டைக்கு விடியத்தான் ரமேஸ் முதல் பஸ்ஸில பெரகலைக்குப் போய், முன்ஸிப் எண்டவரிட கடையில பழைய வயர் ஒண்டு தேடி எடுத்து, அங்கயிருந்தே எனக்குப் போன் பண்ணினவர். நான் சந்தோசத்தில கத்தினன், 'இண்டைக்கு எல்லாரும் இருந்து பாப்பம்' எண்டு."

"யார் யாருக்குக் கேட்டிச்சு?"

"வீடு முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது, மேடம். பள்ளிக்கூட ரீச்சர்."

ஜெயந்தினி சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப் போனது.

அடுத்து ரமேஸ்.

"வயரோட வந்து என்ன செஞ்ச?"

"கமராவ மேசையில வச்சி, சார்ஜ் போட்டேன் மேடம். சேரும் மிஸ்ஸும் குளிக்கப் போனாங்க. நான் குசினிக்குப் போயிட்டேன்."

"யாராச்சும் நடந்த சத்தம்?"

"பீலித் தண்ணி சத்தத்துல ஒன்னும் கேக்காது மேடம்."

"கடல்ல இவர யாரு காப்பாத்தினது?"

ரமேஸ் தரையைப் பார்த்தான். "அனுஷன் சேர்தான்னு இரகு சேர் சொன்னாரே மேடம்."

"யாரு காப்பாத்தினதுன்னு கேட்டேன். யாரு சொன்னாங்கன்னு கேக்கல."

ரமேஸின் காது சிவந்தது. ஜெயந்தினி அவனை அதற்கு மேல் நெருக்கவில்லை. பொய் சொல்ல வராதவன் வாயை மூடிக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரியும்.

அனுஷன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எழும்பப் பார்த்தவனை, "இருங்க, இருங்க," என்று அமர்த்தினாள். முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை. இடது கணுக்காலுக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் இரத்தம் நனைந்திருந்தது.

"காலையில எங்க போனீங்க?"

"எங்கயும் இல்லை, மேடம். குளிருது. படுத்திருந்தனான். கக்கூசும் அறைக்குள்ளயே இருக்கு. வாசலைத் தாண்டேல்லை."

"சொக்ஸ் புதுசா இருக்கே?"

"ரமேஸ்ர. எங்கட உடுப்பெல்லாம் ஈரம் எண்டு விடிய பஸ்ஸுக்குப் போகேக்க கட்டில்ல வச்சிட்டுப் போனவன். எழும்பினாப் பிறகு போட்டனான்."

"கால்ல என்ன ரத்தம்?"

அனுஷன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். உண்மையாகவே அப்போதுதான். "ஓ, இதா? புறாத்தீவில முருகைக்கல் வெட்டினது. இன்னும் ஆறேல்லை போல."

"வலிக்குதா?"

"வலி இல்லை."

"நல்லது. ஓய்வெடுங்க," என்று சொல்லி ஜெயந்தினி எழுந்தாள்.

வெளியே வந்ததும் மிப்ரான் அடிக்குரலில் தொடங்கினான்.

"மேடம், எனக்கு வெளங்கிட்டு. சார்ஜ் இல்லாத கமராவ யாருக்கும் விக்கேலா. அதான் இந்தப் பொடியன் பெரகலைக்குப் போய் வயர் வாங்கி, வேலை செய்யுதாண்டு பார்த்துட்டு எடுத்திருக்கான்."

"நல்ல மூள ஒனக்கு. சரி, அவ்வளவு பாடுபட்டு வாங்கின வயர் எங்க?"

"மேசையில."

"கமராவ எடுத்தவன் வயர ஏன் விட்டுட்டுப் போனான்? கமராவ வச்சிக்கிறவனுக்கும் வயர் வேணும், விக்கிறவனுக்கும் வேணும். அந்தக் கமரா இனி வேலையே செய்யக்கூடாதுன்னு நெனைக்கிறவனுக்குத்தான் வயர் தேவையில்ல."

மிப்ரான் தலையைச் சொறிந்தான்.

ஜெயந்தினி சிவரூபியைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"மிஸ், ஒரு சொந்த விசயம் கேக்கிறேன். கோவிக்காதீங்க. அனுஷனுக்கு உங்க மேல விருப்பமா?"

சிவரூபி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன வருசம் ஊரில வச்சுக் கேட்டவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. பெரிசா மனம் இல்லை. ஆனா அண்ணாவின்ர உயிரைக் காப்பாத்தினாப் பிறகு... அப்பா அம்மா இல்லாத எனக்கு அண்ணாதான் எல்லாம். பதுளைக்குப் போனதும் ஓம் எண்டு சொல்லுவம் எண்டு நினைச்சிருந்தனான். அண்ணாவும் அவரிட்டச் சொல்லிப்போட்டார்."

"முருகைக்கல் அவருக்கு எங்க வெட்டினது?"

"வலது குதிக்காலில. நான்தான் மருந்து வச்சுக் கட்டினனான்."

"நல்லா ஞாபகமா?"

"வலதுதான், மேடம்."

ஜெயந்தினி வீட்டைச் சுற்றி நடந்தாள். முன்பக்கம் சீமெந்து முற்றம், அதைத் தாண்டினால் தார் ரோட்டு. ஒரு புல் கிடையாது. பின்பக்கம் கம்பி வேலியில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி, அதற்கப்பால் மழைத் தண்ணீர் ஓடும் ஒரு ஈரக் கான், கானிலிருந்து மேலே மேலே தேயிலை. கொழுந்து தளதளவென்று நின்றது.

ஜெயலெட்சுமி பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் சோற்றுத் தட்டு. ஒரு பிடி கூட உள்ளே போகவில்லை.

"மேடம், எம்புள்ள எடுத்திருக்க மாட்டான். ஆனா எடுத்திருந்தா நானே கையப் பிடிச்சி ஒங்க ஜீப்புல ஏத்திருவேன். எனக்கு உண்மை தெரிஞ்சாப் போதும்."

"சாப்பிடுங்கக்கா. பின்னேரம் வேலைக்குப் போகலையா?"

"எங்க போறது? நான் போகாட்டி அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளந்தான், விழட்டும். எல்லாரும் இந்தா, இந்த ஏழாம் நம்பர் மலைக்குத்தான் வர்றாங்க. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுலயே சொல்லிட்டாங்க. ஒரு வாரமா கை படாத கொழுந்து."

ஜெயந்தினி மலையைப் பார்த்தாள். பிறகு ஜெயலெட்சுமியைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கடுகடுப்பு அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது.

"நீங்க இன்னைக்கு மலைக்குப் போகவே வேணாம். இந்தப் படிய விட்டு எந்திரிக்காதீங்க. நாளைக்கு ஒங்க மேல ஒரு சொல்லு வரக்கூடாது. மிப்ரான், அக்காவுக்குத் தொணையா இங்கயே நில்லு."

கான் ஓரமாகவே மேலே ஏறி, கூடைகளோடு வந்த பெண்களுக்கு முன்னால் நடந்த சின்னராசா கங்காணியை மறித்தாள்.

"கங்காணி, இந்த வேலி ஓரத்துல இருந்து நெரை பிடிக்கச் சொல்லுங்க. கொழுந்து இல்லாத ஒன்னு கையில பட்டா, தொடாம அப்பிடியே நின்னு ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க."

"என்னாம்மா, பாம்பா?"

"பாம்புதான். ஆனா கடிக்காது."

பெண்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு நிரையில் இறங்கினார்கள். ஒரு செடி விடாமல் கைகள் போய்வந்தன. ஜெயந்தினி கானில் நின்று பார்த்தாள். அவள் அம்மாவும் இப்படித்தான் நின்றாள். அந்தக் கைகளால்தான் அவளுக்குச் சப்பாத்தும் புத்தகமும் வந்தன.

மூன்றாவது நிரையில் ராமாயி நின்றாள்.

"கங்காணி! படங்குல என்னமோ மாட்டி இழுக்குது!"

இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்குப் படங்கில் ஒரு கறுப்புப் பட்டி சிக்கியிருந்தது. பட்டியின் மறுபக்கம் செடியின் கவட்டுக்குள், இலைகளுக்கடியில், சின்னக் கமரா ஒன்று நனைந்து கிடந்தது. கடலுக்குள் போய்வந்த சாமானைத் தேயிலை ஈரம் என்ன செய்துவிடும்?

"ரமேஸ் பேரக் காப்பாத்திட்டீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் அக்கா," என்றாள் ஜெயந்தினி.

"எங்க ஜெயலெட்சுமி புள்ளைக்கா? அப்ப எங்களுக்கும் புள்ளதான்," என்று சொல்லிவிட்டு ராமாயி அடுத்த செடிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

தேநீர் வேளையில் எல்லாரும் முன் அறையில் இருந்தார்கள். கமராவை ஜெயந்தினி மேசை நடுவில் வைத்தாள். இரகுநாதன் பாய்ந்து எழுந்தான். அனுஷனின் முகம் பேயறைந்தது போல ஆனது.

"எங்க இருந்தது, மேடம்?"

"பின்னால ஏழாம் நம்பர் மலையில. அங்க ஒளிச்சு வச்சது அனுஷன்."

"என்ன விசர்க் கதை!" என்றான் அனுஷன். "நான் வாசலைத் தாண்டேல்லை எண்டு சொன்னனான்."

"சொன்னீங்க. ஒங்க கால் வேற மாதிரிச் சொல்லுது. அந்த இடது சொக்ஸக் கழட்டுங்க."

அனுஷன் அசையவில்லை. சிவரூபி அவனைப் பார்த்தபடியே, "கழட்டுங்கோ," என்றாள். கழற்றினான். கணுக்காலுக்கு மேலே சின்னஞ்சிறு ஓட்டை ஒன்று. அதிலிருந்து இன்னும் மெல்ல இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"முருகைக்கல் வெட்டினது வலது குதிக்கால். இது இடது. ரத்தத்தப் பார்த்ததும் நீங்க உண்மையாவே முருகைக்கல்னுதான் நெனைச்சீங்க. அதுல பொய் இல்ல. ஏன்னா அட்டை கடிச்சா வலிக்காது, கடிச்சதே தெரியாது. ரத்தம் மட்டும் லேசில நிக்காது. இங்க பொறந்த யாரக் கேட்டாலும் பார்த்த ஒடனே சொல்லிருவாங்க. நீங்க ஆறு மாசமா டவுனுக்குள்ளயே இருந்துட்டீங்க."

"நேத்து வரேக்க கடிச்சிருக்கும்."

"நேத்துக் கடிச்சது இந்நேரம் காஞ்சிருக்கும். நீங்க வந்து எறங்கினப்ப மழையும் இல்ல, ஓட்டோ வாசல்ல வந்து எறக்கியிருக்கு. வீட்டுக்கு முன்னால சீமெந்தும் தார் ரோட்டும். அட்டை இருக்கிறது பின்னால இருக்கிற கான்லயும் தேயிலையிலயும்தான். சிலிப்பரோட வேலியில பூந்து, கமராவ வச்சிட்டு, ஓடி வந்து கட்டில்ல ஏறி, ரமேஸ் குடுத்த சொக்ஸ அதுக்கு மேல போட்டிருக்கீங்க."

அனுஷன் கழற்றிய காலுறையைக் கைக்குள் சுருட்டினான்.

"ஆனா ஏன்?" என்றான் இரகுநாதன். "அவன் என்ர உயிரைக் காப்பாத்தினவன், மேடம். அந்தப் படத்தை அவன் ஏன் ஒளிக்க வேணும்?"

"அதத்தான் நானும் யோசிச்சேன். தன்னப் பத்தி நல்லதா ஒரு படம் இருந்தா யாரு ஒளிப்பா? இத்தன நாள் சார்ஜ் இல்லாமக் கெடந்தப்ப யாரும் தொடல. வயர் வந்த அன்னைக்கே காணாமப் போகுது. படம் இருக்கிற கார்ட மட்டும் எடுத்தா, படத்துக்குப் பயந்தவன் எடுத்தான்னு தெரிஞ்சிரும். முழுசா எடுத்தா கள்ளன் எடுத்தான்னு நெனைப்பாங்க. கள்ளன்னா யாரு? தோட்டத்துப் பொடியன். கள்ளன்னா வயரயும் எடுத்திருப்பான், அத அவசரத்துல மறந்தாரு, அவ்வளவுதான். பதுளைக்குப் போற அன்னைக்கு மெதுவாப் போய் எடுத்துக்கலாம்னு நெனைச்சிருப்பாரு. அந்தப் பச்சையப் பார்த்துக் காடுன்னு நெனைச்சிட்டீங்க, அனுஷன். அது காடு இல்ல. வாரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு செடியிலயும் ஒரு பொம்பளையோட கை படுற எடம். இன்னைக்கு அந்த மலைக்கு மொறை."

அனுஷன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"போடுங்க படத்த," என்றாள் ஜெயந்தினி.

கமராவின் முதுகில் இருந்த திரை தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. எல்லாத் தலைகளும் அதன் மேல் குனிந்தன. நீலம். மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. முருகைக்கல் பூப்பூவாக விரிந்து கிடந்தது. பிறகு திரை ஆடத் தொடங்கியது. குமிழிகள். இரகுநாதனின் கை நீண்டு அனுஷனின் மிதவைச் சட்டையைப் பற்றியது. அனுஷன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்துவிட்டு உதைத்துக்கொண்டு படகுப் பக்கம் போனான். திரை இருண்டது, கீழே போனது. கீழே போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு முகம் வந்தது. நீச்சல் கண்ணாடி இல்லை, மூச்சுக்குழாய் இல்லை, கண்ணைத் திறந்தபடி, கன்னம் உப்பி, ரமேஸ் நேராகத் திரைக்குள் வந்தான். அவன் கை கமராவைத் தாண்டி வந்து பிடித்தது. வெளிச்சம் திரும்பியது. ஏணி தெரிந்தது, ஏணியில் அனுஷனின் கைகள் தெரிந்தன. அத்தோடு படம் நின்றது.

"பயந்திட்டன்," என்றான் அனுஷன். கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "மச்சான், எனக்கும் நீந்தத் தெரியாது. சும்மா தெரியும் எண்டு சொன்னனான். நீ கண் முழிச்சு எனக்கு நன்றி சொல்லேக்க, இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. அடுத்த நாள் இன்னும் வரேல்லை."

இரகுநாதன் ரமேஸிடம் திரும்பினான்.

"நீ ஏன்டா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னத்த சேர் சொல்றது? கயிறு தாண்டி ஒங்கள விட்டது நான்தானே. பார்த்துக்கிறது என் வேல. நீங்க தண்ணி குடிச்சது என் பிழை. வேலையில பிழை விட்டுட்டு, காப்பாத்தினேன்னு சொல்லிக்கிட்டா நல்லா இருக்குமா?"

"இண்டைக்குக் கள்ளன் எண்டு சொல்லேக்கயும் வாய் திறக்கேல்லையே!"

"அந்த சேர் ஒங்க கூட்டாளி. நான் நாலு நாள் பழகினவன். சொன்னா யாரு நம்புவா?"

நெடிய மனிதனான இரகுநாதன் ரமேஸின் பலாப்பால் பிசுபிசுத்த கையை இரண்டு கையாலும் பிடித்து, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஐயோ சேர், பால் ஒட்டும்," என்று ரமேஸ் நெளிந்தான். இரகுநாதன் விடவில்லை.

சிவரூபி அழுதுகொண்டே சிரித்தாள். "அனுஷன், நான் பதுளைக்குப் போய் உங்களிட்ட ஒண்டு சொல்ல இருந்தனான். இனி அது இல்லை. பயந்ததுக்கு இல்லை, நானெண்டாலும் பயந்திருப்பன். இந்தப் பிள்ளையில பழியைப் போட்டதுக்கு." பிறகு ஜெயந்தினியிடம் திரும்பி, "மேடம், எங்க குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு," என்றாள்.

"எனக்கு வேணாம். மலையில ராமாயின்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்குச் சொல்லுங்க." ஜெயந்தினி இரகுநாதனைப் பார்த்தாள். "சாமான் ஒங்களது. அனுஷன் மேல என்ட்ரி போடணுமா?"

இரகுநாதன் ஜெயலெட்சுமியைப் பார்த்தான். "அம்மா சொல்லட்டும்."

ஜெயலெட்சுமி அனுஷன் பக்கம் திரும்பினாள். "எம்புள்ளையக் கள்ளன்னு நிக்க வச்சீங்க தம்பி. வயிறு எரிஞ்சிச்சு. இன்னும் எரியுது. ஆனா ஒங்களையும் ஒரு தாய் பெத்திருப்பா. அவன்கிட்ட மாப்புக் கேளுங்க. கேட்டுட்டு, அந்தக் கால்ல கொஞ்சம் சுண்ணாம்பு வைங்க, ரத்தம் நிக்கும்."

அனுஷன் எழுந்து ரமேஸின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். ரமேஸ் தலையை மட்டும் ஆட்டினான். அனுஷன் அன்று பின்னேர பஸ்ஸிலேயே தனியாக இறங்கிப் போனான். ரமேஸின் வெள்ளைக் காலுறைகளில் ஒன்று இரத்தக் கறையோடு கட்டிலில் கிடந்தது.

மிப்ரான் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். "ஒரு எழுத்தும் எழுதல்ல மேடம்."

"நல்லது. ரமேஸ், திங்கக்கிழமை ரிப்போர்ட்டுக்கு ஸ்டேசனுக்கு வா. நான் இருப்பேன். நீ ஓட்டுற படகுல ஒரு நாளைக்கு நானும் ஏறணும். எனக்கும் நீந்தத் தெரியாது, முதல்லயே சொல்லிட்டேன்."

"நீங்க கயிறத் தாண்ட மாட்டீங்க மேடம்," என்றான் ரமேஸ். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

ஜீப்பில் ஏறப் போன ஜெயந்தினி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஜெயலெட்சுமி மட்டும் மேசையை விட்டு அசையாமல் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்துவிலுக்கு பஸ் ஓடுகிற ஊரில் பிறந்து, ஐம்பது வயது வரை அவள் கடலைப் பார்த்தது கிடையாது. லீவு கிடைத்த நாளில் கோயில் வரும், கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். கடல் வரவில்லை.

"மிஸ்," என்று சிவரூபியைக் கூப்பிட்டாள். "இன்னொருக்காப் போடுவீங்களா?"

"கையைப் பிரிச்ச இடமா, அம்மா?"

"அது வேணாம். அந்த மஞ்ச மீனெல்லாம் வருமே, அதுலயிருந்து. அப்புறம் எம்புள்ள முகம் வர்ற எடத்துல கொஞ்சம் நிப்பாட்டுங்க."

சிவரூபி போட்டாள். தீப்பெட்டித் திரையில் கடல் மறுபடியும் நீலமாக விரிந்தது. ரமேஸின் முகம் வந்ததும் நிறுத்தினாள். கொழுந்துக் கறை படிந்த ஒரு விரல், நடுக்கடலில் கண் திறந்து நின்ற மகனின் கன்னத்தை மெதுவாகத் தொட்டது.

"இவ்வளவு ஆழத்துலயா இருந்த?" என்று கேட்டாள் ஜெயலெட்சுமி. "சாப்பிட்டியாடா இன்னைக்கு?"

பக்கத்தில் நின்ற ரமேஸ், "இன்னும் இல்லம்மா," என்றான். அவள் எழுந்து போய் இரண்டு தட்டில் சோறு போட்டு, ஒன்றை இரகுநாதனிடமும் ஒன்றை மகனிடமும் கொடுத்தாள்.